கினிப்பன்றிக் குடலின் சாட்சியம்

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், வலி அடங்கினாலும் மலச்சிக்கல் அவர்களைப் படுத்தி எடுக்கும். மூளையில் வலியைத் தணிக்கும் அதே மருந்து குடலின் அசைவையும் கட்டிப்போடுகிறது. நோயாளிக்குத் தொல்லையான இந்தக் குணம்தான் ஆய்வகத்துக்கு அளவுகோலாக வாய்த்தது.

கினிப்பன்றியின் சிறுகுடல் கடைப்பகுதியில் ஒரு துண்டை எடுத்து, உப்புகளும் குளுக்கோஸும் கலந்த கரைசலில், 37 டிகிரி சூட்டில் தொங்கவிடுவார்கள். ஆக்சிஜன் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். உடலை விட்டுப் பிரிந்த பிறகும் அந்தத் துண்டு மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். மின்துடிப்பு கொடுத்தால் நரம்பு நுனிகளில் அசிட்டைல்கோலின் சுரக்கும், தசை சுருங்கும், பதிவுத் தாளில் கோடு எழும்பும். மார்ஃபின் சேர்த்ததும் சுரப்பு குறைந்து கோடுகள் குட்டையாகும். 1957-இல் மருந்தியலாளர் பேட்டன் காட்டிய வழி இது. கோட்டின் உயரத்தைப் பாதியாக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்த்தால் வீரியம் தெரிந்துவிடும்.

ஆனால் குடலைத் தளர்த்தும் பொருள்கள் எத்தனையோ. அதனால் அடுத்து, மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலோக்சோனைச் சேர்ப்பார்கள். கோடு பழைய உயரத்துக்கு மீண்டால்தான் அது அபின் வகைச் செயல். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் நேர்மைக்காகவே எனக்கு இந்தச் சோதனை மீது மதிப்பு.

இந்தச் சோதனையைக் கையாண்டவர்களில் ஒருவர், நாஜி ஜெர்மனியை விட்டு 1934-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்கு வந்த ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் 70 வயதில், 1973-இல், அங்கே போதை மருந்து ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். உடன் உழைத்த ஜான் ஹியூஸ் விடியற்காலையில் சைக்கிளில் கசாப்புக் கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை வாங்கி வருவார். அவற்றின் சாற்றை, குடல் துண்டைப் போலவே தொங்கவிட்ட சுண்டெலியின் விந்துக்குழாய் மீது விட்டால் கோடுகள் குட்டையாயின. நலோக்சோன் சேர்த்தால் மீண்டன. கசகசாச் செடியின் வாசமே படாத மூளை, மார்ஃபினின் வேலையைச் செய்யும் பொருளைத் தானே சுரந்துகொண்டிருந்தது! 1975 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் அதன் அமைப்பு வெளியானது. ஐந்தைந்து அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சங்கிலிகள். கடைசிக் கண்ணி மட்டுமே வேறு. என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு ஒரு முரண்பாடு தலைகாட்டியது. குடலை அடக்குவதைவிடச் சுண்டெலியின் விந்துக்குழாயை என்கெஃபலின் பல மடங்கு வலுவாக அடக்கியது; மார்ஃபினோ குடலில்தான் அதிக வீரியம் காட்டியது. கருவியின் கோளாறு என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. மருந்து பற்றிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளே இரண்டு திசுக்களிலும் வேறு என்று 1977-இல் எழுதினார்கள். புதிய ஏற்பிக்கு டெல்டா என்று பெயர். விந்துக்குழாயின் லத்தீன் பெயரிலுள்ள ‘டெஃபெரன்ஸ்’ என்ற சொல்லின் முதலெழுத்துக்கு இணையான கிரேக்க எழுத்து அது.