இணையக் குழுக்களில் எளிய உரை

எளிய உரை என்பது எழுத்து, எண், நிறுத்தக்குறி, இடைவெளி, வரி முறிவு ஆகியவற்றை மட்டும் கொண்ட செய்தி ஆகும். நிறம், தடிப்பு, எழுத்துரு, எழுத்தளவு, அட்டவணை போன்றவை சேர்ந்தால் அது வடிவமைத்த உரை எனப்படும். பலரும் பலவகைக் கருவிகளில் படிக்கும் மின்னஞ்சல் குழு, வாட்ஸாப் குழு போன்றவற்றுக்கு எளிய உரையே ஏற்றது.

திருப்பூரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பின்னலாடை நிறுவனத்திற்கு வெளிநாட்டு வாங்குநர் டீ சர்ட்டின் அளவுப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புகிறார் என்று கொள்வோம். "சிவப்பில் உள்ள அளவுகள் மாறியுள்ளன" என்பது அவர் குறிப்பு. மெர்ச்சண்டைசர் அதை நகலெடுத்து, கட்டிங் பிரிவின் வாட்ஸாப் குழுவில் ஒட்டுகிறார். எழுத்துகள் வந்து சேரும். சிவப்பு வந்து சேராது. எந்த அளவு மாறியது என்று கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாது. தவறாக வெட்டிய துணியைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

இதையே "மார்பு அகலம்: பழையது 52 செ.மீ., புதியது 54 செ.மீ." என்று எழுதியிருந்தால் எங்கு ஒட்டினாலும் பொருள் மாறாது. நிறம் சொல்ல வேண்டியதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

தமிழும் எழுத்துருவும்

தமிழருக்கு இது புதிய பாடம் அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பாமினியில் தட்டிய 'அம்மா' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஐந்து குறிகளாகத் தெரியும். எழுத்துரு போனால் மொழியே போய்விடும் நிலை அது.

1990களின் பிற்பகுதியில் பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி தஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினர். ஒரே எழுத்துருவில் ஆங்கிலமும் தமிழும் அடங்கியதால், இரண்டையும் ஒரே செய்தியில் எழுத முடிந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. 'திருப்பூர்' என்ற ஐந்தெழுத்துச் சொல் 10 குறியீடுகளாக, யூடிஎப்-8 முறையில் 30 பைட்டுகளில் அடங்கும். எந்தத் தமிழ் எழுத்துருவில் பார்த்தாலும் அது திருப்பூர்தான்.

பிற நன்மைகள்

தேடலாம்: அறிவிப்பைப் படமாக அனுப்பினால் அதிலுள்ள சொல்லைக் குழுவில் தேடி எடுப்பது கடினம்.

கேட்கலாம்: பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் எளிய உரையை வாசித்துவிடும். நிறத்தால் மட்டும் காட்டிய வேறுபாடு அவர்களுக்கு எட்டாமல் போகலாம்.

ஏமாறாமல் இருக்கலாம்: வடிவமைத்த மின்னஞ்சலில் ஒரு முகவரியைக் காட்டி வேறொரு தளத்திற்கு இழுத்துச் செல்ல முடியும். எளிய உரையில் முகவரி அப்படியே கண்ணில் படும்.

வடிவமைப்பு எப்போது தேவை?

அளவுப் பட்டியல், நிற அட்டை, ஆடையின் வரைபடம் ஆகியவற்றுக்கு வடிவமைப்பு வேண்டும். அவற்றைத் தனிக் கோப்பாக இணைத்து, முக்கிய மாற்றத்தைச் செய்தியிலும் இரண்டு வரியில் எழுதலாம். வாட்ஸாப்பில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அது தடித்துத் தெரியும். வேறு செயலியில் ஒட்டும்போது தடிப்பு போனாலும் சொல் நிற்கும்.

கணினியில் ஜிமெயிலில் எழுதுவோர், எழுதும் பெட்டியின் கீழுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'பிளெயின் டெக்ஸ்ட் மோட்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அனுப்பும் முன் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. செய்தியைத் தொலைபேசியில் ஒருவருக்குப் படித்துக் காட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்காத அவருக்கும் பொருள் விளங்கும் என்றால் செய்தி சரியாக எழுதப்பட்டுள்ளது.