நிலச்சரிவு அபாயத்தைக் கணினி எப்படிக் கற்கிறது?

2022 டிசம்பர் 16 அதிகாலை, சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் இறந்தார்கள். 1993இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சாய்ந்தபோது 48 பேர். அடுத்து எந்தச் சரிவு என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இயந்திரக் கற்றல் இங்கேதான் வருகிறது.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். அதைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிவின் கோணம், மண், பாறை, மழை, சாலைக்கு உள்ள தூரம், காடா தோட்டமா என எல்லா விவரமும் சேரும். முன்பு சரிந்த கட்டங்களுக்கு 'ஆம்', மற்றவற்றுக்கு 'இல்லை' என்று குறிப்பார்கள். எந்த விவரங்கள் ஒன்றுகூடினால் 'ஆம்' வருகிறது என்பதைக் கணினியே கண்டுபிடிக்கும். சூத்திரத்தை நாம் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இது 'கற்றல்'.

இப்போ ஒரு கணக்கு. 1000 கட்டங்களில் 20 மட்டும் சரிந்தவை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் எத்தனை விழுக்காடு சரி? 98! ஆனால் ஒரு சரிவைக்கூட அது பிடிக்கவில்லையே. ஆகவே 98 விழுக்காடு என்றதும் மயங்கிவிடாதீங்க. அந்த 20இல் எத்தனையைக் கண்டுபிடித்தது என்று கேளுங்க. ஆசிரியர்களே, விழுக்காடு பாடத்தில் இதைக் கொடுத்துப் பாருங்க, வகுப்பு சூடுபிடிக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய பதிவுகளில் இருக்கிறது. சாலையோரம் சரிந்தால் உடனே பதிவாகும், போக்குவரத்து நின்றுபோகுமே! காட்டுக்குள் சரிந்தது யாருக்குத் தெரியும்? அது 'இல்லை' என்றே பட்டியலில் ஏறலாம். கணினியும் 'சாலை ஆபத்து, காடு பத்திரம்' என்று கற்றுக்கொள்ளும். ஓரளவு உண்மைதான், சாலை போட மலையை வெட்டுகிறோம். ஆனால் அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பதிவின் குறை என்று அதே பட்டியலை வைத்துக்கொண்டு கணினியால் பிரிக்க முடியாது. செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கணும், நேரில் போயும் பார்க்கணும்.

தேர்வு எழுதும் மாணவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்படித் தயாராகும் அபாய வரைபடம் 'எங்கே' என்று சொல்லும். 'எப்போது' என்று சொல்லாது. அதற்கு மழைமானி வேண்டும், பல நாள் மழையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தராத விவரத்தை மாடல் ஊகிக்கவும் செய்யாது. ஹைலண்ட் டவர்ஸின் பின்புற மலையில் வடிகால் சீராக இல்லை. தடுப்புச் சுவர்களும் தாங்கவில்லை. வடிகாலின் நிலை கட்டத்தில் பதிவாகாவிட்டால், அந்த மலை கணினிக்கு இன்னொரு சாதாரணச் சரிவுதான்.