தடா அருவிக்குப் புறப்படும் முன் ஒரு கணக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கியதும், புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளைகள் தடா அருவிக்குப் போகலாம் என்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் நானும் போகலாமா, டாக்டர்?" நோய் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்கு, போகலாம் என்பதே விடை. ஆனால் புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே அமர்ந்து ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்.

உப்பலமடுகு என்பது இவ்வருவியின் தெலுங்குப் பெயர். ஆந்திர மாநிலத் திருப்பதி மாவட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர் வழியே கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் அதே இருப்புப்பாதையில், ஆரம்பாக்கத்தை அடுத்து வருவது தடா நிலையம். அங்கிருந்து மேற்கே வரதய்யபாளையம் வழியாகச் சென்றால் மலையடிவாரத்தை அடையலாம். தொடக்கத்தில் ஓடையை ஒட்டிய எளிய நடை. உள்ளே செல்லச் செல்லப் பாறைகளின் மீது ஏறி இறங்க வேண்டியிருக்கும். வனத்துறையினர் அனுமதிக்கும் நாள்களும் நேரமும் மாறக்கூடியவை, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது செல்வது?

டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஓடையில் நீர் இருக்கும். வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். கனமழை பெய்த நாளிலும் அதற்கடுத்த சில நாள்களிலும் செல்லலாகாது. மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். மார்ச் முதல் காடு காய்ந்துவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது.

நேரக் கணக்கு

மலைநடையில் களைப்பும் விபத்தும் பெரும்பாலும் திரும்பும் வழியிலேயே நேர்கின்றன. தொடைத்தசைகள் சோர்ந்திருக்கும்; முழங்கால்கள் இறக்கத்தில் அதிகச் சுமையைத் தாங்கும்; கையிருப்பு நீரும் குறைந்திருக்கும். ஆகவே அருவியை அடைந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தைவிட, திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்வது முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டு: காலை 8.30 மணிக்கு நடக்கத் தொடங்குகிறீர்கள். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் இருள் இன்னும் முன்னதாகவே சூழும். எனவே பிற்பகல் 3.30க்குள் வெளியே வந்துவிட வேண்டும். கையில் உள்ளது ஏழு மணி நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், நடப்பதற்கு மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம். அதில் பாதி, இரண்டே முக்கால் மணி. ஆகவே 11.15க்கு எந்த இடத்தில் இருக்கிறீர்களோ, அதுவே அன்றைய எல்லை. 12.45க்குத் திரும்பிவிட வேண்டும். அருவி இன்னும் சற்றுத் தொலைவில்தான் என்று யார் சொன்னாலும் இந்த நேரம் மாறலாகாது.

குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும். பின்னால் வரும் பெரியவர், "நீங்கள் போங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்ல நேர்ந்தால், திட்டம் அப்போதே பிழைத்துவிட்டது. அவரைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

வெயிலும் நீரும்

கடலோரத்தில் வாழும் நமக்கு வியர்வை உடலிலேயே வழிந்து நிற்கும்; எவ்வளவு வியர்க்கிறோம் என்பது தெரியும். வறண்ட மலையடிவாரக் காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடல் இழக்கும் நீரை உணர்வதில்லை. துறைமுகத்திலும் ஆலையிலும் வெயிலில் உழைத்துப் பழகியவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் நீர் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்துக்கொள்ளலாம். ஓடை நீரைக் காய்ச்சாமல் அருந்த வேண்டாம்.

கடலில் நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல்: நன்னீர், கடல்நீர் அளவுக்கு உடலை மிதக்கவிடாது. பாறைக்குட்டைகளின் ஆழமும் அடியில் உள்ள கற்களும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலிருந்து குதிப்பதும் மது அருந்தி நீரில் இறங்குவதும் உயிரைப் பறிக்கும்.

மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

அண்மையில் மாரடைப்பு, ஸ்டென்ட் சிகிச்சை அல்லது அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்களும், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரின் அனுமதியின்றிச் செல்லலாகாது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக நீரின் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களுக்கு மேற்சொன்ன நீர் அளவு பொருந்தாது. சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரைகளை உட்கொள்வோர், அன்றைய அளவு குறித்து முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு நீண்ட நடையால் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். கைந்நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். உடனே அமர்ந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அதையே திரும்பச் செய்யுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுவைக்காதீர்கள்.

ஆபத்து நேர்ந்தால்

வெயிலில் நடந்தவர் பேச்சுக் குழறினாலோ, ஆளடையாளம் தெரியாமல் உளறினாலோ அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள்; முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டு செல்வது. பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 108 அவசர ஊர்தி ஆந்திரத்திலும் உண்டு. ஆனால் உள்காட்டில் கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை வீட்டில் உள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

பயிற்சியும் பிறகும்

குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். வாரத்தில் ஐந்து நாள் காலையில், போக்குவரத்து மிகாத தெருக்களில் முக்கால் மணி நேரம் நடந்து, இரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளை நான்கைந்து முறை ஏறி இறங்குங்கள். ஏறும்போது பேச முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் அழுத்தம் தோன்றினாலோ, அருவிப் பயணத்தை ஒத்திவைத்து மருத்துவரைப் பாருங்கள்.

வீடு திரும்பிய இரவு, சர்க்கரை நோயாளிகள் இரண்டு செயல்களைத் தவறாமல் செய்ய வேண்டும். உள்ளங்கால்களில் கொப்புளமோ கீறலோ உள்ளதா என்று விளக்கொளியில் பாருங்கள். உணர்விழந்த பாதம் வலியால் எச்சரிக்காது. அடுத்து, உறங்கும் முன் இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். பகலில் நடந்த நடை, நள்ளிரவிலும் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும்.