கார் ஸ்டீரியோ சூடாகிறதா? முதலில் இதைப் பாருங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் அதிகம் சூடாகி, தானாகவே நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். காரிலும் இதே தொல்லை உண்டு. தொடுதிரை வைத்த ஆண்ட்ராய்டு கார் ஸ்டீரியோ என்பது புராசசர், ராம், மெமரி எல்லாம் உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதே பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் சிப் ஒன்றும் இருக்கிறது. எனவே சூடு வந்தால், இந்த இரண்டில் எது காரணம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் பழைய காரில் இப்படி ஒரு செட் மாட்டினோம். பின்பக்கத்துக்குப் புதிதாக இரண்டு ஸ்பீக்கர்களும் போட்டோம். சென்னையில் கிளம்பினால் திண்டிவனம் வருவதற்குள் பாட்டு நின்றுவிடும். பத்து நிமிடம் அணைத்து வைத்தால் மறுபடியும் பாடும். நான் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன் அல்லவா? கோளாறு சாஃப்ட்வேரில்தான் என்று முடிவு கட்டி, ஃபேக்டரி ரீசெட் கொடுத்தேன். செட்டின் மெமரியில் அப்பா பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்த பழைய பாட்டுகள் அத்தனையும் போயின. கோளாறு மட்டும் போகவில்லை. "செட் போயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். எட்டாயிரம் ரூபாய்!

பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்தேன். ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, மேப்பை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். இப்படிச் செய்யும்போது திரை மந்தமாகி, ஹேங் ஆகி, ரீஸ்டார்ட் ஆனால் புராசசர் சூடாகிறது என்று பொருள். தேவையில்லாத அப்ளிகேஷன்களை நீக்குங்கள். பின்பக்கம் ஃபேன் இருந்தால் சுழல்கிறதா என்று பாருங்கள். காரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும்.

எங்கள் செட்டில் மேப் ஒழுங்காக ஓடியது. ஒலியைக் கூட்டினால்தான் பாட்டு நின்றது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயர்தான்.

இந்த சிப்கள் பெரும்பாலும் கிளாஸ் ஏபி வகையைச் சேர்ந்தவை. நாம் சாதாரணமாகக் கேட்கும் ஒலி அளவில், இவை எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகவே வீணாகிறது. சிப்பின் உள்சூடு 150 டிகிரி அளவை நெருங்கும்போது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது ஒலியை நிறுத்திவிடும். பத்து நிமிடத்தில் மறுபடி பாடிய ரகசியம் இதுதான்.

சரி, ஏன் அவ்வளவு சூடு? செட்டுகள் பொதுவாக, ஒரு சேனலுக்கு 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று என்ற கணக்கில் தயாரிக்கப்படுகின்றன. ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கொடுத்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். அதே ஒலி அளவில் கரண்ட் இரண்டு மடங்கு; சூடும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை நீங்களே சோதிக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். செட்டை வெளியே இழுத்து, பின்பக்கக் கனெக்டரைப் பிரியுங்கள். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, காருக்குள் போகும் ஸ்பீக்கர் வயர்களை ஜோடி ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 3.2 முதல் 3.8 வரை காட்டும். முன்பக்க ஜோடிகளில் எனக்கு வந்தது 1.8! பின் ஸ்பீக்கர் வயர்களையும் முன் ஸ்பீக்கர் வயர்களோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். செட்டிலிருந்து பின் ஸ்பீக்கர்களுக்கென்றே வரும் பச்சை, ஊதா வயர்கள் டேப் சுற்றிச் சும்மா கிடந்தன.

அதைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. மிச்ச வயர்களையெல்லாம் சுருட்டி, ஹீட் சிங்க் மேலேயே அமுக்கியிருந்தார்கள். சூட்டில் டேப் இளகி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வயரும் இளகி ஷார்ட் ஆகியிருந்தால், காப்பாற்ற ஃப்யூஸ் ஒன்றுதான் இருந்திருக்கும். 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று 20 ஆம்பியர் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டாஷ்போர்டைக் கழற்றத் தயக்கமாக இருந்தால், கார் எலக்ட்ரீஷியனிடம் இந்த விவரத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின் ஸ்பீக்கர்களை அவற்றுக்குரிய வயர்களுக்கு மாற்றினேன். வயர் கட்டை ஹீட் சிங்க்கை விட்டுக் கீழே தள்ளி டை போட்டுக் கட்டினேன். செலவு, டேப்புக்கும் டைக்கும் ஐம்பது ரூபாய். போன மாதம் திருச்சி வரை போய்வந்தோம். பாட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பாவின் பழைய பாட்டுகளைத்தான் இன்னும் ஒவ்வொன்றாகத் தேடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.