பிள்ளைகளிடம் வாய்மை

அழுகின்ற குழந்தையை அடக்க, "கடைத்தெருவிலிருந்து வரும்போது வாங்கி வருகிறேன்" என்கிறோம், வாங்கி வருவதில்லை. "பூச்சாண்டி வருகிறான்" என்கிறோம், எவனும் வருவதில்லை. இவற்றைப் பொய்யென்று நாம் கருதுவதே இல்லை. ஆனால் குழந்தை இவற்றை மறப்பதில்லை.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறு பிராயத்து நிகழ்ச்சியொன்றை அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களது இல்லத்தில் அமர்ந்திருந்த வேளையில், ஏதோ தருவதாகச் சொல்லி அன்னையார் மகனை அழைத்தார். என்ன கொடுக்க நாடினீர் என்று அண்ணலார் வினவ, பேரீச்சம்பழம் என்றார் அன்னையார். ஒன்றும் கொடாதிருந்தால் அது ஒரு பொய்யாகவே பதிவாகியிருக்கும் என்று அண்ணலார் உணர்த்தினார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. பெரியவர்க்கு ஓர் அளவு, சிறுவர்க்கு வேறோர் அளவு என்பது வாய்மையில் இல்லை.

பிள்ளைகள் பொய் பேசக் காரணம் மற்றொன்றும் உண்டு, அது அச்சம். 1377-இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் இதனைத் தெளிவாக விளக்குகிறார். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கமிழக்கிறது. அடிக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசப் பழகுகிறது. நாளடைவில் அதுவே அதன் இயல்பாகிவிடுகிறது என்பது அவர் கருத்து.

அரபுக் கல்லூரியில் கற்பிக்கும் நாமும் இதற்கு விலக்கானவர் அல்லர். பாடம் மனனமாகிவிட்டதாகப் பொய்யுரைத்த மாணவர் ஒருவரிடம், உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டோம். "உண்மை சொன்னவனையும் அன்று அடித்தீர்களே, ஹஜ்ரத்!" என்றார் அவர். நம்மிடம் மறுமொழி இல்லை.

அவ்வாறாயின் கண்டிக்கவே கூடாதா? கூடும், முறை வேண்டும். நபியவர்களின் அரவணைப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது, உணவுத் தட்டில் அவர்களது கை அங்குமிங்கும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் கூறி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு அண்ணலார் கற்பித்தார்கள். ஏச்சு இல்லை, ஏளனம் இல்லை. அன்று முதல் அதுவே தம் உண்ணும் முறையாயிற்று என்கிறார்கள் அவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழி இது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களும் அண்ணலார் தம்மிடம் ஒருபோதும் 'சீ' என்றதில்லை எனச் சான்று பகர்கிறார்கள்.

எனவே, கொடுக்க இயலாததைத் தருவதாகச் சொல்லாதிருப்போம். சொன்ன சொல் தவறினால் பிள்ளையிடமே வருத்தம் தெரிவிப்போம். உண்மையுரைத்த பிள்ளைக்கு, பிழையைத் திருத்திக்கொள்ளத் துணை நிற்போம். மெய் சொன்னதற்காக எந்தப் பிள்ளையும் நம்மிடம் அடிபடலாகாது.