ஏற மறுக்கும் கொடி

கொலம்பியக் காட்டுத் தரையில் ஊரும் அபூர்வச் செடி ஒன்று இந்திய அடுக்குமாடி வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. பலரது கையில் அது சாவது அன்பின் மிகுதியால்தான்.

மணிபிளான்ட் வளர்த்துப் பழகியவர்கள் புதிதாக ஒரு கொடி கிடைத்ததும் தொட்டியின் நடுவில் கம்பு நட்டு, அதில் செடியைக் கட்டிவிடுவார்கள். தண்டு தெரியாதபடி மண்ணையும் மேடாக அணைப்பார்கள். ஃபிலோடெண்ட்ரான் குளோரியோசம் என்ற செடிக்கு இந்த உபசாரம் பொருந்துவதில்லை. சில வாரங்களில் இலை மஞ்சளாகிறது. தோண்டிப் பார்த்தால் தண்டு அழுகிக் கொழகொழத்துக் கிடக்கிறது. மணிபிளான்ட்டைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய செடி என்பதால் வயிற்றெரிச்சலும் அதிகம்.

குளோரியோசம் மரம் ஏறுவதில்லை. காட்டுத் தரையில், உதிர்ந்த சருகுகளின் மேல், இஞ்சியைப் போலப் படுத்தபடியே நகரும் தண்டு அதற்கு. முன்முனை வளர்ந்துகொண்டே போகும். பின்பகுதி மெல்ல மெல்ல இலையுதிர்த்து மொட்டையாகும். ஒரு விதத்தில் நடக்கும் செடி என்றே சொல்லலாம். பிரெஞ்சுத் தோட்டக்கலை நிபுணர் எத்வார் ஆந்த்ரே 1876-இல் இதற்குப் பெயரிட்டு உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அன்று முதல் இலையழகை விரும்புபவர்களின் கண் இதன் மீது இருக்கிறது. இதய வடிவம், தொட்டால் வெல்வெட், கரும்பச்சையின் மேல் சுண்ணாம்பால் இழுத்தது போன்ற வெள்ளை நரம்புகள். அந்த வெல்வெட்டுக்கும் வேலை உண்டு. இலைப்பரப்பின் செல்கள் குட்டிக் குட்டிக் குவிவில்லைகளாகப் புடைத்து நின்று, அடர்காட்டின் மங்கிய வெளிச்சத்தைச் சேகரிக்க உதவுகின்றன என்பது தாவரவியலாளர்கள் தரும் விளக்கம்.

தமிழர்களுக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. சேப்பங்கிழங்கும் சேனையும் மணிபிளான்ட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சேனை நறுக்கும்போது கையை அரிக்க வைக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் இருக்கின்றன. தவழும் குழந்தையோ, கண்டதையும் கடிக்கும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் உயரமான இடம்தான் இதற்குச் சரி.

வளர்ப்பில் முதல் முடிவு தொட்டி. ஆழமான வட்டத்தொட்டி வேண்டாம். பால்கனிக் கம்பியில் மாட்டுகிறார்களே, அந்த நீளத்தொட்டிதான் உகந்தது. ஒரு கோடியில் செடியை வைத்து, வளரும் நுனி மறுகோடியைப் பார்த்திருக்கும்படி கிடத்த வேண்டும். வேர்கள் மட்டும் மண்ணுக்குள். தண்டின் முதுகு வெளியே தெரிய வேண்டும். பெரும்பாலான சாவுகளைத் தவிர்க்க இந்த ஒன்றே போதும்.

அடுத்தது கலவை. செம்மண்ணும் சாணமும் கெட்டித்துப்போய் வேரை மூச்சுத் திணற வைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நாடெங்கும் போகும் தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, உப்பு போக இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துகொள்ளலாம். அதோடு தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, பெர்லைட், கொஞ்சம் மட்கிய இலை. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர வேண்டும்.

தண்ணீருக்குக் கடிகாரக் கணக்கு கிடையாது. மேலே ஓர் அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரல் நுழைத்துப் பார்ப்பதே வழி. மழைக்கால மும்பையில் ஒரு வாரத்துக்குமேல் ஈரம் நிற்கும். மே மாத டெல்லியில் இரண்டு நாளில் வறண்டுவிடும். டெல்லியின் அனல் காற்றும் ஏசி அறையின் உலர்ந்த காற்றும்தான் உண்மையான எதிரிகள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் செடி சுகமாக இருக்கும். காலையும் மாலையும் தெளிப்பானால் நீரடிப்பது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அந்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும், வெல்வெட் இலையில் கறை மட்டும் தங்கும். நாலைந்து செடிகளை நெருக்கி வைப்பதும், பழைய மீன்தொட்டிக்குள் வளர்ப்பதும் மேல். வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல், நடுவில் ஒரு மெல்லிய திரை.

பொறுமையும் வேண்டும். சுருண்டு வெளிவரும் ஓர் இலை முழுதாக விரியவே வாரக்கணக்கில் ஆகும். காற்று உலர்ந்திருந்தால் சுருள் பாதியில் சிக்கும். கையால் பிரித்து உதவப் போனால் இலை கிழிந்து, அந்தத் தழும்போடு மாதக்கணக்கில் நிற்கும். இலையின் அடிப்புறத்தை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாவுப்பூச்சியும் இலைப்பேனும் அங்கேதான் குடியேறுகின்றன.

2020-இல் ஊரடங்கு உலகையே வீட்டுக்குள் அடைத்தபோது இத்தகைய செடிகளின் மீது தனி மோகம் பிறந்தது. 2021-இல் நியூசிலாந்தில் இதே குடும்பத்தின் கொடி ஒன்று, ஒன்பதே இலைகளோடு, 27,000 நியூசிலாந்து டாலருக்குமேல் ஏலம் போனது. காட்டிலிருந்து செடிகளைத் திருடுகிறார்கள் என்று பிலிப்பைன்ஸ் அதிகாரிகள் 2020-லேயே எச்சரித்திருந்தனர். திசு வளர்ப்புக் கூடங்கள் ஆயிரக்கணக்கில் கன்றுகளை உருவாக்கத் தொடங்கிய பிறகு பல அபூர்வங்களின் விலை சரிந்தது. பணம் போட்டவர்களுக்கு நஷ்டம், காட்டுக்கு நிம்மதி. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றிதழும் தேவை. தாய்லாந்து சுற்றுலா முடிந்து பெட்டிக்குள் செருகிக் கொண்டுவருவது சட்டவிரோதம். புதுப் பூச்சி ஒன்று கூடவே வந்தால் பாதிக்கப்படுவது அந்த ஒரு வீடு மட்டுமல்ல.

உள்ளூர் வளர்ப்பாளரிடம் வாங்கும்போது இலையின் அழகைவிடத் தண்டைக் கவனிக்க வேண்டும். அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, நுனியில் புதுமுளை தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். ஓரிரு ஆண்டுகளில் அது நீளத்தொட்டியின் மறுகோடியை எட்டும். அப்போது பின்பக்க மொட்டைத் தண்டை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாகச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் ஒருநாள் உலர்ந்தபின் ஈர நார்க்கழிவின் மேல் பாதி புதைத்து வைத்தால், கணுக்களில் முளை கிளம்பும். தாய்ச்செடி மீண்டும் முதல் கோடிக்குத் திரும்பும். துண்டுகளைக் கேட்க அதற்குள் அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கும்.