பேர்ள் செய்நிரலில் பிழை காணல்

கொட்டாஞ்சேனையிலே ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. மாதந்தோறும் சிறு தொகையொன்றைச் சந்தாவாகக் கட்டி வருவோர் வீட்டில் துக்கம் நேருமாயின், ஈமச் செலவுக்கான பணத்தை அன்றைக்கே கையில் கொடுப்பது அதன் பணி. நெடுங்காலம் தடித்த பதிவேடுகளில் எழுதப்பட்டு வந்த அங்கத்தவர் பெயர்கள் பின்னர் கணினியில் ஏற்றப்பட்டன. உலாவியைத் திறந்து பெயரைத் தட்டினால், அங்கத்தவரின் விலாசமும் சந்தா நிலுவையும் திரையில் தோன்றும். அதற்கான செய்நிரல் பேர்ள் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் வெளிநாடு சென்றுவிட்டார். அதனைப் பராமரிக்கும் பொறுப்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் தலையில் வந்து விழுந்தது.

ஒருநாட் காலை, முதல்நாள் இரவு கணவரை இழந்த அம்மையார் ஒருவர் சங்கத்துக்கு வந்தார். கணவரின் பெயர் கோபாலன் என்று இங்கே வைத்துக்கொள்வோம். எழுதுவினைஞர் பெயரைத் தட்டினார். அப்படி ஒருவர் இல்லை என்று திரை கூறிற்று. மறுபடியும் தட்டினார், மறுபடியும் அதே விடை. "பெயர் இல்லையே, அம்மா" என்றார் அவர். "தம்பி, அந்த மனுசன் ஒரு மாதங்கூடத் தவறாமல் சந்தா கட்டினவர்" என்று கூறிய அம்மையார், கைப்பையிலிருந்து பற்றுச்சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினார். காரியதரிசி உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சீட்டுப் பொய்யா, கணினி பொய்யா? அதை மட்டும் சொல்லும்" என்பதுதான் அவர் கேட்டது.

சீட்டுகளை நம்பி அவர் பணத்தைக் கொடுத்துவிட்டார். சீட்டுகளைச் சேர்த்து வைக்காத குடும்பங்களுக்கு என்ன நேரும் என்ற கேள்வி எஞ்சி நின்றது. அதற்கு விடை தேடிய வழியில், பேர்ளில் எழுதப்பட்ட இணையச் செய்நிரல்கள் எங்கெங்கே இடறும், இடறிய இடத்தை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை இன்று உங்களுக்கு விளக்கலாம் என்று எண்ணுகிறேன்.

பேர்ள் மொழியை 1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லரி வோல் என்னும் அமெரிக்கர் வெளியிட்டார். எழுத்துத் தொடர்களைத் தேடுவதிலும், வெட்டுவதிலும், ஒட்டுவதிலும் அது மிக வல்லது. 1993இல் சிஜிஐ எனப்படும் முறை வகுக்கப்பட்டது. உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளைச் சேவையகம் வாங்கி ஒரு செய்நிரலிடம் ஒப்படைக்கும்; செய்நிரல் தரும் விடையைத் திரும்ப உலாவிக்கு அனுப்பும். இதற்குப் பேர்ள் பொருத்தமாக அமைந்தமையால், அந்தப் பத்தாண்டில் எழுந்த விருந்தினர் ஏடுகளும், தேடும் பக்கங்களும், சிறு கடைகளின் விலைப்பட்டியல்களும் பெரும்பாலும் அம்மொழியிலேயே எழுதப்பட்டன. அவற்றுட் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பேர்ள் இணையச் செய்நிரலைத் தொட்ட எவரும் முதலிற் சந்திப்பது 500 என்ற இலக்கத்தை. 'சேவையகத்துள் பிழை' என்ற ஒரே வரியுடன் வெற்றுப் பக்கம் வந்து நிற்கும். என்ன பிழை என்று அது கூறுவதில்லை, கூறவும் கூடாது. உள்வீட்டுச் செய்தியை வாயிலில் நிற்கும் அந்நியருக்குச் சொல்லாதிருப்பதே சேவையகத்துக்கு அழகு. காரணம் பிழைக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். அதனைத் திறந்து கடைசி வரிகளைப் படியாமல் செய்நிரலை அங்குமிங்கும் திருத்துவோர், இருந்த ஒரு பிழையை மூன்றாக்கிவிடுகின்றனர். நானும் தொடக்கத்தில் அவ்வாறு செய்து இரண்டு இரவுகளைத் தொலைத்தவன்தான்.

குறிப்பேட்டில் அடிக்கடி காணப்படும் ஒரு வாசகத்தின் பொருள், 'தலைப்பு வருமுன்னரே வெளியீடு முடிந்துவிட்டது' என்பதாகும். செய்நிரல் தன் விடையின் முதல் வரியில், தான் அனுப்புவது எவ்வகைப் பொருள் என்று கூறி, அடுத்து ஒரு வெற்று வரி விட்டு, பின்னரே பக்கத்தைத் தரவேண்டும். கடித உறையில் விலாசம் எழுதுவது போன்றது இது. அவ்வரிக்கு முன் செய்நிரல் இறந்துபோனாலும், அவ்வரியை எழுத மறந்தாலும், சேவையகம் 500 என்றே சொல்லும். செய்நிரலை ஓட்டாமல் அதன் தொடரமைப்பை மட்டும் சோதிக்கும் வசதி பேர்ளில் உண்டு. அரைப்புள்ளி விடுபட்ட இடத்தை அது உடனே காட்டிவிடும். அதிலும் பிழை இல்லையெனின் கோப்பின் அனுமதியைப் பார்க்கவேண்டும். செய்நிரலை ஓட்டுவதற்கு அனுமதி இல்லையெனில் சேவையகம் அதனைத் தொடாது. 755 என்ற அனுமதியே வழக்கமாகப் போதும். அவசரத்தில் 777 என்று இட்டு எல்லோரும் எழுதக் கதவைத் திறந்துவைப்பது அறிவுடைமையன்று. சில சேவையகங்கள் அத்தகைய கோப்பை ஓட்டவும் மறுக்கும்.

தமிழிற் செய்நிரல் எழுதுவோருக்கென்றே வாய்த்த 500 ஒன்றும் உண்டு. பேர்ள் கோப்பின் முதல் வரியில், பேர்ள் எங்கே இருக்கிறது என்ற பாதை எழுதப்படும். விண்டோசின் பழைய நோட்பேட்டில் தமிழ்ச் சொற்களைச் சேமிக்க வேண்டுமெனில் யூடிஎப்-8 என்ற முறையைத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. அவ்வாறு சேமித்தபோது, கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைக் கோப்பின் தலையில் அது வைத்துவிடும். முதல் வரியைப் படிக்கும் லினக்ஸ், பாதைக் குறி தொடங்கவேண்டிய இடத்தில் வேறெதுவோ இருப்பதைக் கண்டு திகைத்து நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய நண்பருக்கு ஓடுகின்ற செய்நிரல், ஒரேயொரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்த எனக்கு ஏன் ஓடவில்லை என்று நான் பல நாள் வியந்ததுண்டு. வரியின் முடிவில் விண்டோஸ் சேர்க்கும் மேலதிகக் குறியும் இதே தீங்கைச் செய்யும்.

இன்னொரு வகைப் பிழை, ஒன்றையும் தொடாதிருக்கையில் வருவது. "நேற்றுவரை ஓடியதே, நாங்கள் ஒன்றுஞ் செய்யவில்லையே" என்பார்கள். அது உண்மைதான், சேவையகத்தை வாடகைக்கு விடுவோர் பேர்ளின் புதிய பதிப்பை நிறுவியிருப்பார்கள். 2015இல் வந்த 5.22 பதிப்பிலிருந்து, சிஜிஐ வேலைக்கான பழைய துணைநிரற்கூறு பேர்ளுடன் சேர்ந்து வருவதில்லை, தனியாக நிறுவவேண்டும். 2017இல் வந்த 5.26 பதிப்பு, செய்நிரல் ஓடும் அடைவிலேயே துணைக் கோப்புகளைத் தேடும் பழக்கத்தைப் பாதுகாப்புக் கருதிக் கைவிட்டது. இவ்விரண்டையும் அறிந்திருந்தால் பழைய செய்நிரல்கள் பலவற்றுக்கு அரை மணி நேரத்தில் உயிர் கொடுத்துவிடலாம்.

500 என்று வெளிப்படையாகக் கூறும் பிழைகள் நேர்மையானவை. அச்சந்தரும் பிழைகள், யாதொரு குறையும் இல்லாததுபோல் தவறான விடையைத் தருபவை. கோபாலனின் பெயர் இல்லை என்றது அத்தகைய பிழை. அதனை விளங்கிக்கொள்ள, கணினி தமிழை எவ்வாறு எண்ணுகிறது என்பதை அறியவேண்டும்.

கொழும்பு என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? கொ, ழு, ம், பு என நான்கு என்று சிறு பிள்ளையும் சொல்லும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் அது எட்டுக் குறிகளாகும். ககரத்துக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்றவாறு. யூடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் மொத்தம் 24 பைட்டுகள். நீளம் எவ்வளவு என்று பேர்ளைக் கேட்டால், நாம் முன்னர் ஒன்றுஞ் சொல்லாதவிடத்து 24 என்று விடை தரும். இவை பைட்டுகளல்ல, எழுத்துக் குறிகள் என்று விளக்கிக் கொடுத்தபின் எட்டு என்னும். நான்கு என்ற விடையைப் பெறத் தனியான தேடற்குறி ஒன்றைப் பயன்படுத்தவேண்டும். 2002இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து இவ்வசதிகள் செம்மையாக உள்ளன. ஆயினும் பேர்ள் தானாக எதையும் ஊகிப்பதில்லை. உள்ளே வரும்போது பைட்டுகளை எழுத்துகளாக்கவும், வெளியே போகும்போது எழுத்துகளைப் பைட்டுகளாக்கவும் செய்நிரலாளரே கட்டளையிடவேண்டும். படிவத்தில் வருவது, கோப்பிலிருந்து வருவது, தரவுத்தளத்திலிருந்து வருவது என வாயில்கள் பல. ஒரு வாயிலிற் காவல் தவறினாலும் தமிழ் சிதையும்.

சிதைவின் தோற்றத்தைக்கொண்டே நோயைக் கூறலாம். தலையிற் சாய்கோடு இட்ட உரோம எழுத்தும், அதனருகே வட்டத்துள் அடங்கிய 'ஆர்' எழுத்தும் மாறிமாறி வருமாயின், தமிழ்ப் பைட்டுகளை மேனாட்டு எழுத்துகள் என்று கருதியதன் விளைவு அது. தமிழ்க் குறி எதனை எடுத்தாலும் அதன் முதற் பைட்டு ஒன்றே. ஆகவேதான் அதே உருவம் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. பக்கம் முழுவதும் அவ்வாறிருந்தால், தலைப்பு வரியில் எழுத்து முறையைக் குறிப்பிடவில்லையோ என்று பார்க்கவேண்டும். தலையங்கம் நன்றாயிருக்க அங்கத்தவர் பெயர்கள் மட்டும் சிதைந்தால், விளக்கிய தொடரும் விளக்காத தொடரும் ஒன்றாக ஒட்டப்பட்டுள்ளன என்பது பொருள். பேர்ளில் 'யூஸ் யூடிஎப்-8' என்று ஒரு கட்டளை உண்டு. அதனை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். செய்நிரற் கோப்பினுள் எழுதிய சொற்களுக்கு மட்டுமே அது பொருந்தும். வெளியிலிருந்து வருபவற்றை அது தொடாது. இத்தகைய சிதைவுகளைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக நிற்குமானால், தமிழை ஏற்காத தரவுத்தளப் பட்டியில் அது கொட்டப்பட்டுவிட்டது. பழைய பிரதி இல்லையேல் அப்பெயர் போனது போனதுதான்.

கோபாலன் விடயத்தில் இவை ஒன்றுமில்லை. பட்டியல் முழுவதையும் அச்சிட்டபோது அவர் பெயர் அங்கே தெளிவாக இருந்தது! தேடினால் மட்டும் அகப்படவில்லை. இரு பெயர்களின் குறிகளையும் எண்ணிப் பார்த்தேன். எழுதுவினைஞர் தட்டிய பெயரில் ஏழு. பதிவிலிருந்த பெயரில் எட்டு. 'கோ' என்பதை ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டாகவும் எழுதலாம். ககரமும் இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. ஒருங்குறி பரவுமுன் நம் நாட்டு அச்சகங்களிலும் கந்தோர்களிலும் பெரிதும் வழங்கிய அவ்வெழுத்துருவில், கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டுவதே முறை. ஒருங்குறிக்கு மாற்றியவர் கொம்பை இடம் மாற்றினாரேயன்றிக் காலுடன் இணைக்கவில்லை. இன்றைய கைத்தொலைபேசியோ ஓகாரத்தை ஒரே குறியாக அனுப்புகிறது. ஒகர, ஓகாரம் வரும் பெயர்கள் யாவும், சோமசுந்தரம் முதல் பொன்னம்பலம் வரை, இவ்வாறு மறைந்து கிடந்தன.

இதற்கு மருந்து பேர்ளுடனேயே வருகிறது. இருவிதமாக எழுதக்கூடியவற்றை ஒருவிதமாக்கித் தரும் 'யூனிகோட் நார்மலைஸ்' என்ற நிரற்கூறு அது. பதிவுகளுக்கு முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பின்னர் எல்லாப் பெயர்களையும் அதன்வழிச் செலுத்தி, இனி வரும் பெயர்களும் சேமிக்குமுன்னும் தேடுமுன்னும் அதன்வழியே செல்லுமாறு செய்தேன். மொஜோலிசியஸ் போன்ற புதிய கட்டமைப்புகள் பைட்டுகளை எழுத்துகளாக்கும் வேலையைத் தாமே செய்துவிடும்; இந்த வேலையை அவையும் செய்வதில்லை.

அதே கிழமையில், ஆங்கிலப் பட்டியில் டி குரூஸ் போன்ற பெயர்களும் ஏறவில்லை என்று எழுதுவினைஞர் முறையிட்டார். பெயரினிடையே வரும் மேற்கொட்டு, தரவுத்தளத்துக்கான வாக்கியத்தை நடுவில் முறித்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் இத்தகைய பெயர்களுக்குக் குறைவில்லை. பெயரை வாக்கியத்துள் ஒட்டாமல், அதற்கென இடம் விட்டுத் தனியே கொடுப்பதுதான் முறை. ஒட்டினால் பெயருக்குப் பதிலாகக் கட்டளையை எழுதிப் பதிவேட்டையே அழித்துவிடவும் ஒருவரால் முடியும்.

எஞ்சியது கௌரி. ஔகாரக் குறியின் வலப்பக்கம் ளகரம் போன்றே இருப்பதால், கொம்பையும் ளகரத்தையும் தட்டி 'கெளரி' என்று பலர் எழுதிவிடுகின்றனர். இது இரு வழக்குகளில் ஒன்றன்று, எழுத்துப் பிழை. ஆகையால் நார்மலைஸ் அதனைத் திருத்தாது. கொம்பையடுத்து ளகரம் வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரு விதி எழுதினேன். கௌரிகள் அனைவரும் சீராயினர். என் சொந்த ஊர் 'வௌ்ளவத்தை' ஆகிவிட்டது! நம் நாட்டு இணையப் பக்கங்களில் 'வௌியீடு' என்று காணும்போதெல்லாம் நகைத்தவன் நான். அந்த விதியை நீக்கி, எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து விலாசங்களை மீட்டேன். பின்னர் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் பெயர்களைத் தனியாக அச்சிட்டுக் காரியதரிசியிடம் கொடுத்தேன். அவர் அந்தக் கடதாசியுடன், சந்தா வாங்கப் போகும் வீடுகளில், ஒவ்வொருவரிடமும் பெயரை எழுதிக் காட்டும்படி கேட்டு வருகிறார்.